விழாத குழந்தைகள்

சனிக்கிழமை காலை குதிரைப் பள்ளியின் முதல் வகுப்புக்கு வரும் குழந்தைகளில் ஒரு குழந்தையாவது அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு வர மறுக்கும். அன்றைக்கு ஒரு பையன். தலையைவிடப் பெரிய ஹெல்மெட். மட்டக்குதிரையைப் பார்த்ததும் அப்பாவின் பேன்ட்டுக்குள்ளேயே போய்விடப் பார்த்தான்.

"ஒண்ணும் பண்ணாதுடா. தொட்டுப் பாரு," என்றார் அப்பா, தான் இரண்டடி பின்னால் நின்றுகொண்டு.

"அவன் தொட வேணாம் சார். மொதல்ல அது அவனைத் தொடட்டும்," என்றாள் கயித்தக்கா.

குந்தி உட்கார்ந்து பையனின் கையை வாங்கிப் புரட்டினாள்.

"புறங்கையைக் காட்டு. அது மோந்து பாக்கணும். நீ நல்ல பையனா கெட்ட பையனான்னு அதோட மூக்குக்குத் தெரியும்."

"கெட்ட பையன்னா?"

"உன் மேல மூக்கைச் சிந்திடும்."

பையன் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தான். குதிரை அதற்குள் மூக்கைக் கொண்டுவந்து அவன் கைமேல் சூடாக ஒரு மூச்சு விட்டது. சிந்தவில்லை. பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான், தேர்வில் பாஸான முகத்தோடு.

அப்புறம் எல்லாம் வரிசையாக நடக்கும். ஐந்து விரலையும் ஒட்டவைத்து, உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்து, ஒரு கேரட் துண்டு. கழுத்தில் பிரஷ்ஷால் நாலு இழுப்பு. பிறகு மரப்படியில் ஏறி, சேணத்தில் உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கால்கள் சேணத்தில் தொங்கும் அங்கவடி வளையத்துக்குள் போனதும் குழந்தையின் முகத்தில் ஒரு வெறுமை வரும். தரை தூரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அந்த நொடியில் கயித்தக்கா கயிற்றைக் கையில் எடுத்து நடக்கத் தொடங்கிவிடுவாள். நின்றால் அழுகை. நடந்தால் மறந்துவிடும்.

கயித்தக்கா என்பது குழந்தைகள் வைத்த பெயர். பள்ளியின் அட்டையில் உதவியாளர் என்று போட்டிருந்தது. குதிரையின் பெயர் பிரின்ஸஸ் என்று கதவில் எழுதியிருந்தது. யாரும் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் அது திரும்பியிருக்காது. வயிறு அப்படி இருந்ததால் உருளை. அந்தப் பெயருக்குத் திரும்பும்.

அவளும் உருளையும் நடப்பதைப் பார்க்கிறவர்கள் இரண்டு உடம்பு என்று சொல்லமாட்டார்கள். குதிரையின் இடப்பக்கம், தோளோடு தோளாக, கயிற்றைக் கன்னத்துக்கு ஒரு சாண் கீழே குறுக்கிப் பிடித்து, சின்ன வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். அவள் கயிறு பிடித்து ஒரு குழந்தைகூட விழுந்ததில்லை. பெற்றோர்கள் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். "அந்த அக்காகிட்டதான் விடணும்" என்று கேட்டு வருவார்கள். அவள் தன் வாயால் இதை ஒருநாளும் சொல்லமாட்டாள். சொன்னால் கண் பட்டுவிடும்.

முன்பு பள்ளிக்கூட வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். கிடங்குகளுக்குப் பின்னால் இந்தக் குதிரைப் பள்ளி திறந்தபோது, சின்னக் குழந்தைகள் பார்த்ததும் அழாத மாதிரி ஒரு ஆள் வேண்டும் என்று வேன் டிரைவரிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் கயிற்றைப் பாம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள். இப்போதும் குதிரை மேல் ஏறியதில்லை. ஏறும் எண்ணமும் இல்லை.

பயம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. காரணம் தேடினால் கிடைக்காது. மரத்திலிருந்தோ படியிலிருந்தோ சைக்கிளிலிருந்தோ அவள் விழுந்ததே இல்லை. முழங்காலில் ஒரு தழும்பு கிடையாது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ. மேசை ஓரத்தில் டம்ளர் இருந்தால் போகிற போக்கில் உள்ளே தள்ளிவைத்துவிட்டுத்தான் போவாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் ஏத்தி இறக்கறேன். இவ மட்டும் லிஃப்டுக்குள்ள கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பா. நான் ரிப்பேர் பண்ண லிஃப்ட்னு தெரிஞ்சா படியில போயிடுவா," என்பான் வருகிறவர்களிடமெல்லாம்.

இப்படிப்பட்டவளுக்கு மிளகு மகளாகப் பிறந்திருந்தாள். ஆறு வயது. உருவம் சின்னது, காரம் பெரியது, அதனால் மிளகு. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு வாரநாட்களில் சாயங்காலம் சவாரி உண்டு. ஒரு வருடமாக உருளை மேல் அம்மா பிடித்த கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தாள். மேலே உட்கார்ந்துவிட்டால் வாய் மூடாது. டீச்சர் போட்டுவந்த செருப்பு, பக்கத்துப் பையன் திருப்பித் தராத ரப்பர், உருளையின் காதுக்குள் என்ன இருக்கும், எல்லாம் வரும். கயித்தக்காவுக்கு அது பிடிக்கும். பேச்சு வருகிறவரை பயமில்லை என்று அர்த்தம்.

சின்ன வட்டத்துக்கும் பெரிய வட்டத்துக்கும் நடுவில் ஒரு மரவேலி. அந்தப் பக்கம் மாஸ்டர். அவளைவிடப் பத்து வயது சிறியவர், கழுத்தில் விசில். அங்கே கயிறு இல்லை. குழந்தையும் குதிரையும் மட்டும். அவர் நடுவில் நின்று சொல்வார். வேலிக்கு மேலே அவள் கண் போய்க்கொண்டே இருக்கும். இவளிடம் சிரித்துக்கொண்டே சுற்றிய குழந்தைகள் அங்கே போன முதல் வாரத்திலேயே தொப்பென்று மணலில் விழுவதைப் பார்ப்பாள். பெரிய அடி ஒன்றும் இல்லை. தூசியைத் தட்டிவிட்டு எழுந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு தொப்புக்கும் அவள் கயிற்றை இன்னும் குறுக்கிப் பிடிப்பாள்.

"புடிக்கவே மாட்டேங்கறான் அந்த மனுஷன். நடுவுல நின்னுக்கிட்டு ஊதறான். நான் பூ மாதிரி கொண்டுபோய்க் கொடுக்கறேன், அவன் கீழ போடறான்," என்பாள் வீட்டில்.

அந்த மனுஷன்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மிளகை அடுத்த வாரம் இந்தப் பக்கம் அனுப்புங்கக்கா. வயசாச்சு."

மிளகு உருளை மேலிருந்தே கூவினாள். கயித்தக்கா உருளையை நிறுத்திவிட்டாள்.

மகளைக் குழாயடிக்குக் கை கழுவ அனுப்பிவிட்டு மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், ஒரு ஆறு மாசம் போகட்டுமே."

"எதுக்கு?"

"சின்னப் பொண்ணு."

"அவளை விடச் சின்னதெல்லாம் வந்திருக்கு."

"வந்து விழுந்திருக்கு."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோம் என்று தெரிந்தது. மாஸ்டர் கோபப்படவில்லை. விசிலை விரலில் சுற்றி அவிழ்த்தார்.

"அதுதான் எனக்கும் புரியல. உங்ககிட்ட ஒண்ணு கூட விழ மாட்டேங்குது. என்கிட்ட வந்ததும் விழுது. ரொம்ப நாளா பாத்துக்கிட்டே இருக்கேன். நேத்துதான் புடிபட்டுச்சு. ஒரு விளையாட்டு விளையாடலாமா?"

லாயத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த, தாடி என்று எல்லோரும் அழைக்கும் வேலையாளைக் கூப்பிட்டு, அரை மூட்டைத் தவிடு எடுத்துவரச் சொன்னார். தாடி தோளில் தூக்கி வந்து நின்றான்.

"எங்க போட?"

"உருளை மேல. கட்டாத. சும்மா உக்கார வை."

"ஹெல்மெட் போடணுமா?"

"போடுய்யா."

மூட்டையின் மேல் முடிச்சில் தாடி ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தான். சேணத்தின் மேல் அது தொந்தி வைத்த ஆளைப் போல ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. கை கழுவி வந்த மிளகு, "ஐய்யோ, அப்பா மாதிரியே இருக்கு," என்றாள்.

"ஒரு சுத்து நடத்திட்டு வாங்கக்கா. எப்பவும் நடக்கிற மாதிரி," என்றார் மாஸ்டர்.

இதில் என்ன இருக்கிறது என்று கயித்தக்கா கயிற்றைப் பிடித்து நடந்தாள். மூட்டை ஆடியது. முதல் திருப்பத்தில் வலது பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. வேலி ஓரத்தில் இடது பக்கம் வந்தது, நிமிர்ந்தது. ஒரு முழுச் சுற்று. ஹெல்மெட்கூட விழவில்லை. தாடி கை தட்டினான்.

மாஸ்டர் கயிற்றை வாங்கினார். அதே நடை, அதே குதிரை. முதல் திருப்பத்தில் மூட்டை வலது பக்கம் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போய்த் தொப்பென்று விழுந்தது. ஹெல்மெட் தனியாக உருண்டது.

தாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மிளகும் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"தவிட்டு மூட்டைக்குக் குதிரை ஓட்டத் தெரியாதுக்கா," என்றார் மெதுவாக. "மறுபடியும் ஏத்தச் சொல்றேன். இந்தத் தடவை மூட்டையைப் பாக்காதீங்க. உங்க முழங்கையைப் பாருங்க."

இரண்டாம் முறை அவள் பார்த்தாள். மூட்டை வலது பக்கம் சாய ஆரம்பித்ததும், அவள் நினைப்பதற்கு முன்பே, வலது முழங்கை உருளையின் தோளில் ஒரு இடி இடித்தது. உருளை கண்ணைக்கூட இமைக்காமல் வலது பக்கம் ஒரு அடி எடுத்து வைத்து மூட்டைக்குக் கீழே போய் நின்றுகொண்டது. மூட்டை இடப்பக்கம் வந்தபோது அவள் விரல்கள் கயிற்றைத் தன் பக்கம் சுண்டின. உருளை இடது பக்கம் வந்தது. சாய்கிற பக்கமெல்லாம் குதிரை போய்த் தாங்கிக்கொண்டது. அவளுக்குத் தெரியாமல் அவள் உடம்பு இந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருடமும்.

"நானா?" என்றாள்.

"உங்ககிட்ட ஒரு வருஷம் சுத்தின குழந்தைக்கு ஒருநாள் கூட நிமிர வேண்டிய வேலை வந்ததில்ல. மிளகு இன்னும் உக்காரவே ஆரம்பிக்கலக்கா. நீங்களும் உருளையும் சேந்து அவளை ஏந்திக்கிட்டு இருக்கீங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் மிளகு பெரிய வட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கயித்தக்கா உம் கொட்டினாள். தொப்பென்று விழுந்த ஒவ்வொரு குழந்தையும் வரிசையாக மனதில் வந்தது. ரெட்டைச் சடைக்காரி. பல் விழுந்த பையன். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும் அந்தக் குண்டுப் பாப்பா. அத்தனை பேரையும் அந்த மனுஷன் போட்டான் என்று வீட்டில் உட்கார்ந்து திட்டியிருக்கிறாள்.

கணவனிடம் மூட்டைக் கதையைச் சொன்னது மிளகுதான். ஹெல்மெட் உருண்டதை நடித்தே காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

"என்ன இப்போ? விழாம பாத்துக்கிட்டே. அது ஒரு குத்தமா?"

"அவளுக்கு உக்காரவே தெரியாதாம்."

"அடுத்த வாரம் கத்துக்குவா."

"விழுந்து கத்துக்குவா."

"சரி, அப்ப அனுப்பாத. படியில போகட்டும், உன்னை மாதிரி."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அது அவளைச் சுட்டது. மிளகின் தட்டு மேசை ஓரத்தில் இருந்தது. கை போய்விட்டது, உள்ளே தள்ளிவிட்டது. மிளகு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பிட்டாள். தட்டு தானாக நகரும் என்பதுபோல.

மறுநாள் மாஸ்டரிடம் போய் நின்றாள்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"நீங்களே கயிறு புடிங்க. ஆனா பக்கத்துல வேணாம். கயித்தை நீளமா விட்டு, முன்னாடி நடங்க. உருளை உங்க பின்னாடி வரும். திரும்பிப் பாக்கக் கூடாது."

"பாக்காம எப்படி?"

"பாத்தீங்கன்னா கயிறு ஆடும். கயிறு ஆடினா உருளைக்குப் புரிஞ்சிடும். நான் நடுவுல நிக்கறேன். மணலைக் கிளறிவிடச் சொல்லிட்டேன். நடைதானே, ஓட்டம் இல்ல."

"விழுந்தா?"

"சொல்வேன்."

இதைவிடக் கெட்ட பதிலை அவள் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் சின்ன வட்டத்தில் மிளகின் ஹெல்மெட் வாரை இரண்டு தடவை சரிபார்த்தாள். மூன்றாம் தடவை கை போனபோது மிளகு, "அம்மா, கழுத்து நெரியுது," என்றாள். சேணத்தின் வயிற்று வாரில் விரலை விட்டு இறுக்கம் பார்த்தாள். பிறகு பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லாமல் போயிற்று. கயிற்றை நீளமாக விட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் உருளையின் குளம்புகள் மணலில் சொத் சொத்தென்று வந்தன. சேணத்தின் தோல் முனகியது. மிளகு பேசினாள்.

"அம்மா, ஏன் அங்க போறே? அம்மா, உன் முதுகுல வைக்கோல் ஒட்டியிருக்கு. டீச்சர் இன்னிக்கு என்னை மானிட்டர் ஆக்கிட்டாங்க, ஆனா மத்தியானம் வரைக்கும்தான், அப்புறம்—"

பேச்சு நின்றது.

கயித்தக்காவுக்கு உலகத்தில் அவ்வளவு பெரிய சத்தம் வேறு இருந்ததில்லை. தோல் வலது பக்கம் முனகியது. அவள் வலது முழங்கை தானாகக் கிளம்பி வெறும் காற்றில் ஒரு இடி இடித்தது. அங்கே குதிரை இல்லை. மாஸ்டர் நடுவிலிருந்து, "நடங்க, நடங்க," என்றார். ஒரு அடி வைத்தாள். அடுத்த அடி வைக்குமுன் அந்தத் தொப் கேட்டது.

இப்போது திரும்பலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிவிட்டாள். மிளகு மணலில் உட்கார்ந்திருந்தாள். வாய் முழுக்க மணல். உருளை நின்று, என்ன ஆயிற்று என்பதுபோல அவள் ஹெல்மெட்டை முகர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அதற்குள் பக்கத்தில் குனிந்து, கையை, காலை, கழுத்தை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார். எங்கும் ஒன்றுமில்லை. உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு.

மிளகு அழவில்லை. கோபம்தான். அம்மாவைப் பார்த்து மணலைத் துப்பினாள்.

"நீ ஏம்மா தள்ளல?"

"என்னது?"

"நான் சாஞ்சா நீ தள்ளுவியே! எப்பவும் தள்ளுவியே! இன்னிக்கி மட்டும் ஏன் தள்ளல?"

கயித்தக்கா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தனக்கே தெரியாத ஒன்று மேலே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. மிளகுக்கு மட்டும்தானா? ரெட்டைச் சடைக்கும் தெரிந்திருக்கும், குண்டுப் பாப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அக்கா தள்ளுவாள் என்று நம்பிச் சாய்ந்திருக்கிறார்கள். பெரிய வட்டத்துக்குப் போன முதல் வாரம் அதே நம்பிக்கையோடு சாய்ந்திருக்கிறார்கள்.

"இனிமே தள்ள மாட்டேன்," என்றாள். 

"ஏன்?"

"நான் தள்ளினா நீ மூட்டை."

மிளகு உருளை மேல் காலியாக இருந்த சேணத்தைப் பார்த்தாள். அப்பா மாதிரி இருந்த மூட்டை அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். எழுந்தாள். பின்பக்கத்து மணலைத் தட்டினாள்.

"போதும்டா கண்ணு. இன்னிக்கி வீட்டுக்குப் போலாம்," என்று வாய்வரை வந்தது கயித்தக்காவுக்கு. மாஸ்டர் காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வார்த்தையை விழுங்கினாள். மரப்படியை இழுத்து வந்து உருளையின் பக்கத்தில் போட்டாள். தூக்கி ஏற்றிவிடவில்லை. கைகள் இரண்டும் கயிற்றிலேயே இருந்தன, அவற்றை நம்ப முடியாததால்.

மிளகு படியில் ஏறினாள். ஒரு தடவை கால் வழுக்கியது. மறுபடி ஏறி உட்கார்ந்தாள். அங்கவடியைத் தானே காலால் துழாவிக் கண்டுபிடித்தாள்.

கயித்தக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

இந்தத் தடவை பேச்சு இல்லை. முதல் அடியிலிருந்தே இல்லை. குளம்புச் சத்தம், தோல், உருளையின் செருமல். மகள் பயந்திருக்கிறாள். சும்மா பயமில்லை, இனி யாரும் தள்ளமாட்டார்கள் என்று தெரிந்த பயம். அதை அவளுக்குக் கொடுத்தது தான்தான் என்று கயித்தக்காவுக்குத் தெரிந்தது. தன் பயமும் அவள் பயமும் ஒன்றா, வேறா என்று தெரியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"அம்மா, திரும்பாதே," என்றாள் மிளகு பின்னாலிருந்து. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். "நீ திரும்பினா கயிறு ஆடுது."

திரும்பவில்லை. வேலி ஓரத் திருப்பம் வந்தது. உருளை வளைந்தது. தோல் வலது பக்கம் முனகியது, நீளமாக. அவள் முழங்கை கிளம்பியது. இடது கையால் அதை விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். பின்னால் ஒரு சின்ன மூச்சு, கனமான ஒன்றைத் தூக்கும்போது வருகிற மாதிரி. பிறகு தோல் இடது பக்கம் முனகியது. நடுவுக்கு வந்து அடங்கியது.

தொப் இல்லை. மாஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தாள்.  எதிரே அடுத்த திருப்பம் வந்துகொண்டிருந்தது. பின்னால் மிளகு இன்னும் பேசத் தொடங்கவில்லை.